பதினோராவது கேள்வி

எனக்கு ஒரு பெருமை இருந்தது. புற்றுநோயைத் தொடங்கிவைக்கும் மரபணுக்களைத் தொகுத்து எங்கள் லேப் உருவாக்கும் டேட்டாபேஸில் பாதி வரிகள் நான் ஏற்றியவை. எந்த மரபணு, அதில் என்ன மாற்றம், எந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு நோய், எல்லாம் அதில் இருக்கும். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய் இதைத்தான் செய்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் அலட்டிக்கொள்வேன். இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

போன ஆடியில் லால்குடியில் ரத்தம் எடுக்கும் முகாம். ஆளுக்கு ஒரு ஃபாரம். அதில் பதினோராவது கேள்வி: உங்கள் ரத்தத்தில் ஏதாவது தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா? 'சொல்லலாம்' என்றால் இன்னொரு தாள் சேர்க்க வேண்டும். போன் நம்பர், நெருங்கிய உறவினர் விவரம், சாட்சிக் கையெழுத்து. யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதல் நாள் சாயங்காலம் வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டே எண்பது ஃபாரத்திலும் 'வேண்டாம்' கட்டத்தில் டிக் அடித்து வைத்துவிட்டேன். மறுநாள் வந்தவர்கள் நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் ரிசல்ட் வந்தது. இருசம்மாள், ஐம்பத்தெட்டு வயது, மார்பகப் புற்றுநோய் வந்து பிழைத்தவர். அந்த நோயைக் கிளப்பிவிடும் மாற்றம் அவர் ரத்தத்தில் இருந்தது. அது மகளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள் அறிவுமதிக்கு முப்பத்திரண்டு வயது. இப்போதே பரிசோதித்தால் நோய் வருமுன் தடுக்கப் பார்க்கலாம். எங்கள் டாக்டர் அற்புதசாமி ஃபாரத்தைப் புரட்டிப் பார்த்தார். வேண்டாம் என்றவர்களிடம் நாமாகப் போய்ச் சொல்ல விதி இடம் கொடுக்காது என்று வருத்தப்பட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். மூன்று வாரம் கல்லுளிமங்கி மாதிரி இருந்தேன். நாலாவது வாரம் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தவில்லை. எண்பது பேரிடமும் மறுபடி கேட்க நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கினார். புது ஃபாரங்களை என் கையில் கொடுத்து, "நீங்கதான் போகணும் தேவதர்ஷினி. மொதல்ல இருசம்மாள் வீட்டுக்கு" என்றார்.

அவர்கள் வீட்டில் எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். ரத்தத்தில் ஏதாவது தெரிந்தால் சொல்லலாமா என்ற ஒரு கேள்வியை மட்டும் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது, போன முறை 'வேண்டாம்' என்று இருக்கிறது என்று சுற்றி வளைத்தேன். அறிவுமதிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, சொல்ல வேணாம்னா சொன்ன? எனக்கும் வருமான்னு தெரிஞ்சுக்க வேணாமா? என் உசுரு உனக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?"

இருசம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு குற்றவாளிபோல நின்றார்.

"நாந்தான் புரியாம தலைய ஆட்டியிருப்பேன். அவங்க படிச்சவங்க, தப்பாப் போட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

அதைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அந்த அம்மாள் என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். நான் கையில் மோர் டம்ளரோடு இருக்கிறேன். சீ என்று ஆகிவிட்டது.

"அவங்க வேணாம்னு சொல்லலைங்க," என்றேன். "நான் கேக்கவே இல்ல. எல்லார் ஃபாரத்துலயும் நானே டிக் அடிச்சேன்."

அறிவுமதி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என்னிடமிருந்து ஃபாரத்தை வாங்கிக்கொண்டு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். புரியாததை இன்னொரு தடவை சொன்னாள். அம்மா பதில் சொல்லும்வரை காத்திருந்து அப்புறம்தான் பேனாவை எடுத்தாள். பதினோராவது கேள்விக்கு இருசம்மாள், "சொல்லட்டும், எம்பொண்ணுக்கும் சேத்து சொல்லட்டும்" என்றார்.

மொத்தம் பதினாறு கேள்விகள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.