நாலாவது ஆளுக்கு டெஸ்டர் இல்லை

நல்லிக்காட்டில் ஒரு வீட்டின் வயரிங் கெட்டுப்போனால், கரண்டு கம்பியை விட்டு இறங்கி அந்த வீட்டு ஆட்களில் ஒருவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாருக்குள் உட்கார்ந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த ஆளுக்கே தெரியாது. வலிக்காது, கூசாது. அவரை முதலில் தொடுகிறவர்தான் கருகிப்போவார். மெயினை அணைத்துப் புண்ணியமில்லை, அது கம்பியில் இல்லையே. ஆகவே கோளாறு வந்த வீட்டில் ஒருவரையொருவர் தொடாமல் நின்றுகொண்டு அவசரப் பிரிவுக்குப் போன் செய்ய வேண்டும். இது அந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கோகிலவாணி சட்னிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுது. மிக்ஸி ஒரு சுற்று எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டு நின்றது. ஃபிரிட்ஜ் அடங்கியது. ரப்பர் கருகுகிற வாடை சமையலறைக்குள் மெதுவாக வந்தது.

"யாரும் யாரையும் தொட்டறாதீங்க!" என்று கத்தினாள்.

கூடத்தில் அவள் புருஷன் சென்னியப்பன் பைக் சாவியும் கையுமாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்தான். அப்படியே நின்றுவிட்டான். அவன் தங்கை வெண்ணிலா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம வூட்லயும் ஆச்சுங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். கூடத்தின் நடுவே தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இன்னும் குப்புற விழாத பிள்ளை.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவசரப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். முகவரி கேட்டாள், வாடை வந்ததா என்று கேட்டாள், மிக்ஸி எந்தப் பக்கமாகச் சுற்றியது என்று கேட்டாள். கடைசியில், "வூட்ல எத்தன பேருங்க?" என்றாள்.

"மூணு பேருங்க" என்றாள் கோகிலா.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. முகம் தெரியாத ஒருத்தி உச்சிப்பொழுதில் ஆள் கணக்குக் கேட்டால், மடியில் கிடக்கிற பிள்ளையையும் சேர்த்துச் சொல்கிற தாய் அந்த வீதியில் கிடையாது. கண் பட்டுவிடும். கன்னத்தில் மைப்பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு என்று இத்தனை காவல் போட்டு வைத்துவிட்டு, வாயால் எண்ணிக் கெடுப்பார்களா? கேள்வி காதில் விழுந்ததும் நாக்கு தானாக ஒன்றைக் கழித்துக்கொண்டது.

"மூணு பேருந் தள்ளித் தள்ளி நில்லுங்க. ஆளு வருது" என்றாள் அந்தப் பெண்.

நின்றார்கள். போன ஆடியில் வீதிக் கடைசி வீட்டுக்காரர் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் தன் மனைவியைத் தொட்டார். கையுறை இரண்டும் பத்திரமாகக் கிடைத்தன. மூவருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கோகிலா சாமியைக் கும்பிட்டாள். அது தன் புருஷனுக்குள் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது சரியில்லையென்று பட்டு, நாத்தனாருக்குள் இருக்கட்டும் என்று மாற்றினாள். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லை. எனக்குள்ளேயே இருந்துவிட்டுப் போகட்டும், தொட்டிலுக்குள் மட்டும் வேண்டாம் என்று முடித்தாள்.

அப்போது பிள்ளை விழித்தது.

முதலில் முனகியது. பிறகு வீரிட்டு அழுதது. பசி அழுகைதான், எந்த அழுகை எதற்கென்று அவளுக்கா தெரியாது? பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. புட்டியை வாயில் வைத்தால் துப்புகிற பிள்ளை. அவள் கால்கள் தொட்டில்வரைக்கும் போய்விட்டன, கை மட்டும் நீளவில்லை. தனக்குள் இருந்தால் பிள்ளை போய்விடும். பிள்ளைக்குள் இருந்தால் தான் போய்விடுவாள், பிறகு பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று அழுதாள்.

சென்னியப்பன் ஒட்டடைக் குச்சியை எடுத்துத் தொட்டிலை ஆட்டினான். பிள்ளை இன்னும் ஓங்கி அழுதது.

"அழுது அழுது தொண்டை கட்டிருச்சு பாருங்க மாமா" என்றாள் கோகிலா.

"வந்துருவாங்க கோகிலா. இப்ப வந்துருவாங்க" என்றான் அவன். வாசலைப் பார்க்காமல் ஒட்டடைக் குச்சியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆள் வந்தபோது பிள்ளையின் அழுகை வெறும் விக்கலாகத் தேய்ந்திருந்தது. வந்தவர் பெயர் யாகூப், அவசரப் பிரிவு வயர்மேன். கதவைத் தாண்டும்போதே இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். அந்தத் தொழிலில் பயப்படாதவர்கள் யாரும் மிச்சமில்லை. பையிலிருந்து மூன்று டெஸ்டர்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். ஆளுக்கொரு டெஸ்டர். ஒருவரைத் தொட்ட டெஸ்டர் அடுத்தவரிடம் பொய் சொல்லும்.

சென்னியப்பனின் காதுமடலில் முதல் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை. வெண்ணிலாவுக்கும் எரியவில்லை. வெண்ணிலா பெருமூச்சு விட்டாள். உடனே அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எரியணும், எரியணும் என்று கோகிலா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் குளிர்ச்சியாக ஏதோ பட்டு விலகியது.

"உங்களுக்கும் இல்லீங்கக்கா" என்றார் யாகூப்.

மிச்சம் இருந்தது தொட்டில்தான்.

யாகூப் தொட்டிலைப் பார்த்தார். "மூணு பேருன்னு எழுதிக் குடுத்தாங்களே" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை.

"நாலுங்ணா" என்றாள் கோகிலா. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் அந்த எண்ணைச் சொன்னதில்லை. சொன்ன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"இந்த வீதியில எல்லா வூட்லயும் ஒண்ணு கொறச்சுத்தான் சொல்றாங்க. நாலாவது ஆளுக்கு டெஸ்டரு இல்லீங்க. கரண்ட வெளிய எடுக்கற கிளிப்பும் மூணுதான் குடுத்துவுட்டாங்க. கொழந்தைக்குன்னு புதுசாச் செஞ்சு கொண்டாரோணும். நாளைக்குப் பொழுதாயிரும்."

"நாளைக்கு வரைக்கும் பசி தாங்காதுங்ணா."

"ஒரு வழி இருக்குதுங்க" என்றார் யாகூப். "தொடறதுனால கரண்டு அடிக்கறதில்லீங்கக்கா. அரைகொறையாத் தொட்டாத்தான் அடிக்கும். லூஸ் காண்டாக்ட்டு. ஒரே புடியா, நல்லா இறுக்கிப் புடிச்சுட்டீங்கன்னா அதுக்கு ரெண்டு ஒடம்பும் ஒரே கம்பிதான். ஒண்ணும் பண்ணாது. கை நடுங்குச்சுன்னாத்தான்..."

"கடைசி வூட்டுக்காரரு?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"அவரு பயந்து பயந்து ஒத்த வெரல்ல தொட்டாருங்க."

"நா எடுக்கறேன் கோகிலா. நீ தள்ளிக்க" என்றான் சென்னியப்பன். அவன் கையில் பைக் சாவி கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சாவியைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். பிறகு அவனே நகர்ந்து வழிவிட்டான்.

கோகிலா தன் கைகளை நீட்டிப் பார்த்தாள். அவையும் ஆடிக்கொண்டுதான் இருந்தன. தொட்டிலுக்குள் பிள்ளை வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அவ்வளவுதான், அவளுக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளையைப் பட்டினி போடுகிற அந்தக் கரண்டின் மேல், அவசரப் பிரிவின் மேல், கழித்துச் சொன்ன தன் நாக்கின் மேல். ஆத்திரத்தில் கை இறுகியது. தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோல ஒரே வீச்சில் பிள்ளையை அள்ளி நெஞ்சோடு நெரித்துக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. பற்கள் மட்டும் லேசாகக் கூசின. பிள்ளை முட்டி மோதித் தேடிப் பாலைக் கண்டுபிடித்தது. அவள் உடம்பிலிருந்த பயமெல்லாம் கண் வழியாக இறங்கியது. யாகூப் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"இனி விட்டறக் கூடாதுங்கக்கா" என்று சுவரிடம் சொன்னார். "விடறப்பவும் அதே லூஸ் காண்டாக்ட்டுதான். அதே பொறிதான்."

"எப்ப விடலாங்ணா?"

"ஒட்டுன ஜாயிண்டப் பிரிக்கறதுக்குத் தனி ஆளுங்க. வெளியூரு. வருவாரு."

சென்னியப்பன் மனைவியின் தோளில் ஒரு துண்டை எறிந்து மூடினான். அதன்மேல் யாகூப் தன் விரல் படாமல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார், முதுகைச் சுற்றி, பிள்ளையின் கால்களைச் சுற்றி, மடிப்பு விழாமல். நல்ல வேலைக்காரர்தான். இரண்டு சுருள் தீர்ந்தன.

"கரண்ட சும்மா வெச்சிருந்தாச் சூடேறிருமுங்க. அதுக்கு வேல குடுத்துட்டே இருக்கோணும்" என்றார். கோகிலாவின் கொலுசில் ஒரு கம்பியையும் பிள்ளையின் தண்டையில் ஒரு கம்பியையும் கொறட்டின் நுனியால் கட்டி, மறுமுனைகளை மெயின் பெட்டியில் செருகினார். வெள்ளி நன்றாகக் கடத்தும். ஃபேன் அசைந்து சுற்ற ஆரம்பித்தது. கூடத்து விளக்கு எரிந்தது. சமையலறையில் மிக்ஸி சரியான பக்கமாகச் சுற்றி மீதித் தேங்காயை அரைத்து முடித்தது.

சென்னியப்பனைச் சுவரோரம் நிறுத்தி, "நீங்க சுச்சுங்க. வலது கைய ஏத்துனா எரியும், எறக்குனா அணையும். நீங்க பாட்டுக்குத் திடீர்னு சொறிஞ்சுக்கக் கூடாது" என்றார் யாகூப். சென்னியப்பன் கையை உயர்த்தியபடி நின்றான்.

பிறகு வெண்ணிலாவைக் கூப்பிட்டார். "நீ இங்க வா கண்ணு. உங்கண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவுல நில்லு. ரெண்டு கம்பியையும் கையில புடிச்சுக்க. நீதான் ஃபியூஸு. லோடு அதிகமாச்சுன்னா மொதல்ல நீ போயிருவே, மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"செருப்புப் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டாள் வெண்ணிலா.

"வேண்டாம் கண்ணு."

வெண்ணிலா வந்து நின்று கம்பிகளைப் பிடித்துக்கொண்டாள். யாகூப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பிள்ளைக்கு அடங்காத பசி. அது அழுத்தி உறிஞ்சும்போதெல்லாம் விளக்கு பளீரென்று எரிந்தது, ஃபேன் விர்ரென்று ஏறியது, வெண்ணிலாவின் உள்ளங்கையிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது.

கோகிலா குனிந்து பிள்ளையின் காதருகே, "மெல்லக் குடி சாமி, அத்தை நிக்கறா பாரு" என்றாள்.