பதிவில் இருபது

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் மாடுகள் வட்டையை, அந்த வயல்வெளி முழுவதையும், விட்டுப் போய்விட வேண்டும். வெள்ளி காலையில் வயலில் கால் வைக்கும் மாடு பிடிபடும். விதைப்புக் கூட்டத்தில் கையுயர்த்தி எடுத்த முடிவு அது. பட்டிக்காரர் அழகரத்தினமும் கையை உயர்த்தியவர்தான். ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் அப்படித்தான். வயல்காரன் விதைக்கத் தொடங்க, பட்டிக்காரன் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கே மேய்ச்சல் தரைக்குப் போவான். அறுவடை முடிந்து திரும்புவான்.

மேய்ச்சல் தரையில் இப்போது சோளம் நிற்கிறது. வேறு மாவட்டத்துச் சிங்கள ஆட்கள் வந்து காட்டை எரித்துக் கம்பி இழுத்துக் கொட்டில் போட்டிருந்தார்கள். போகக் கூடாதென்று யாரும் எழுதித் தரவில்லை. போன வருடம் கொண்டுபோன மாடுகளில் இருபத்தைந்து திரும்பவில்லை. சில சுருக்கில் விழுந்தன. சில, நூலைத் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கில் செத்தன. ஒரு சினைப்பசு தீனிக்குள் ஒளித்து வைத்த வாய்வெடியைக் கடித்துவிட்டு, தாடை தொங்க, மூன்று நாள் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நின்று செத்தது.

மிச்ச மாடுகள் மண்டூரில் வாவிக்கும் வயலுக்கும் இடையிலுள்ள புல்திட்டில் நின்றன. ஒரு பக்கம் உவர்த்தண்ணீர், மறுபக்கம் உழுத சேறு. புல் இன்னும் இரண்டு நாளைக்குத்தான் காணும்.

செவ்வாய்க்கிழமை நிருஷா வந்தாள். பட்டிக்காரர் நாற்பது பேருக்காக மனு எழுதுகிற சட்டத்தரணி. ஸ்கூட்டரை நிறுத்திய கையோடு சொன்னாள்.

"ஐயா, நாளைக்கு டவுனில கூட்டம். ஜெனீவாவில இருந்து ஒரு அம்மா வாறா. சிறுபான்மை மக்கள்ர உரிமையப் பாக்கிறவ. நீங்க பேசோணும்."

"எனக்கு மாட்டோடதான் புள்ள பேசத் தெரியும்."

"மாட்டப் பத்தித்தான் பேசச் சொல்றன்."

நம் நாடு கையெழுத்து வைத்த சர்வதேச உடன்படிக்கையில் இருபத்தேழாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். சிறுபான்மைச் சனம் தன் பண்பாட்டோடு வாழ்வதை யாரும் மறிக்கக் கூடாதாம்.

"மாடு மேய்க்கிறது பண்பாடா கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் அவர் மனைவி கண்ணகை. "நான் தரித்திரம் எண்டெல்லோ நினைச்சன்."

"பண்பாடுதான் அக்கா. பனி நாட்டில கலைமான் மேய்க்கிற சனம் ஒண்டு இரிக்கி. அவங்கட மலையில கல்லுடைக்க விட்டதுக்கு இந்தப் பிரிவிலதான் முறைப்பாடு குடுத்தவங்க."

"வெண்டவனுகளா?" என்றார் அழகரத்தினம்.

நிருஷா தலைக்கவசத்தை மடியில் உருட்டினாள். "அந்த முறை தோத்திட்டாங்க. ஆனா மேய்ச்சலும் பண்பாடுதான், அதுக்கும் பாதுகாப்பு இரிக்கி எண்டு எழுதிப்போட்டாங்க. அதுதான் நமக்குப் பிடி."

"எழுதினது சரி. மான் எங்க நிக்கிது?"

கண்ணகைதான் முதலில் சிரித்தாள். நிருஷாவும் சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்தாள். சிரிப்பு போயிற்று.

"இது கால்நடைக் கந்தோர்ப் பதிவு. உங்கட பேருக்கு இருபது மாடு."

"ஓம்."

"மனுவில இருபத்தஞ்சு செத்தது எண்டு இரிக்கி. அங்கால நிக்கிறது எத்தின?"

அவர் வாவியைப் பார்த்தார். "கிடக்கு கொஞ்சம்."

பட்டிக்காரன் யாரும் தன் மாட்டை எண்ணிச் சொல்வதில்லை. சொன்னால் பட்டி குறையும். கேட்பவன் கொள்வனவுக்காரனாக இருந்தாலும் சம்பந்தியாக இருந்தாலும் உள்ளதைக் குறைத்துத்தான் பதில் வரும். கந்தோர் உத்தியோகத்தர் பதிவெடுத்துக் காதுத் தகடு குத்த வந்தபோதும் அழகரத்தினம் இருபது மாட்டைத்தான் காட்டினார். அறுபது நின்றன. மற்றவர்களும் அப்படித்தான் காட்டினார்கள்.

"கொஞ்சம் எண்டு எழுதேலாது ஐயா."

"முப்பத்தஞ்சு."

அதைச் சொல்லும்போது குரல் அடங்கிப்போனது. கண்ணகை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பதிவின்படி பாத்தா உங்களுக்கு மாடு சாகவேயில்ல. பதினஞ்சு கூடியிரிக்கி," என்றாள் நிருஷா. "நாளைக்குக் கந்தோர் ஆக்களும் இந்தத் தாளோட வந்து இருப்பாங்க. அவங்க இல்லாமக் கூட்டம் வைக்க அனுமதி இல்ல. அறுபது நிண்டது எண்டு நீங்க வாயால சொல்லாட்டி, நாற்பது பேரும் பொய்க்காரர் எண்டு மனுவ மூடிருவாங்க."

"சொன்னா?"

அவள் தாளை நாலாக மடித்தாள். பிறகு, "தகடில்லாத மாட்டப் பிடிக்கக் கந்தோர் ஆக்கள் வருவாங்க," என்றாள்.

புதன்கிழமை மண்டபத்தில் குளிர் அதிகமாக இருந்தது. ஜெனீவா அம்மா மெலிந்தவள். பேனாவை மூடாமல் காத்திருந்தாள். சுவரோரம் நாலு உத்தியோகத்தர்கள்; மூன்று பேர் கொழும்பிலிருந்து வந்தவர்கள். அவர்களில் கடைசி ஆள் ரதீஸ், கால்நடைக் கந்தோர்க்காரன். அழகரத்தினத்தின் மாடுகளுக்குத் தகடு குத்தியவன் அவன்தான். அன்று கண்ணகையின் கையால் தயிரும் சோறும் தின்றுவிட்டு, மற்ற மாடுகள் மறைந்து நின்ற புதர்ப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போனவன்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "உங்களிடம் மொத்தம் எத்தனை மாடுகள் இருந்தன?"

சுவரோரத்தில் ரதீஸ் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்வரிசையில் மற்றப் பட்டிக்காரர்கள் இருந்தார்கள்.

"அறுபது," என்றார். "பதிவில இருபதுதான். நான் மறைச்சுப்போட்டன். நாங்க எண்ணிச் சொல்றல்ல. இருபத்தஞ்சு செத்தது. முப்பத்தஞ்சு நிக்கிது."

அம்மா எழுதினாள். ரதீஸும் எழுதினான்.

வெளியே வேப்பமரத்தடியில் ரதீஸ் காத்து நின்றான்.

"என்ன அண்ணன் செஞ்சீங்க? கொழும்பில இருந்து வந்தவங்கட முன்னால சொல்லிட்டீங்க."

"சொல்லாட்டி மனு போயிரும் தம்பி."

"இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாத மாதிரி இருந்தன். இப்ப கேட்டுட்டன். இனிக் கேக்காத மாதிரி இருக்கேலாது."

"இப்பவே பதிஞ்சு விடன்."

"எங்கால வந்த மாடு எண்டு கடிதம் வேணும். கண்டுக்குட்டி எண்டாலும் சொல்லலாம், போன மாசம் பிறந்தது எண்டு. உங்கட மாடெல்லாம் பல்லுப் போட்டு வளந்ததுகள்." அவன் குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமை வரச் சொல்லிட்டாங்க. லொறியோட. தகடில்லாததுகள ஏத்தத்தான் வேணும்."

"தகடு குத்தின இருபதில மிச்சம் ஒன்பதுதான்."

"தெரியும்," என்றான் ரதீஸ். மோட்டார் சைக்கிளின் கண்ணாடியை விரலால் துடைத்துக்கொண்டு நின்றான்.

பஸ்ஸில் வரும்போது அழகரத்தினம் ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்தார். வட்டையில் நின்றால் வயல்காரன் பிடிப்பான். புல்திட்டில் நின்றால் லொறி வரும். விற்றால், ஓட்டமாவடி வியாபாரியும் தகடு கேட்பான். கேட்காதவன் அரை விலைக்கு இறைச்சிக்குத்தான் கேட்பான். வாவியில் இறக்க இதுகள் எருமையும் இல்லை.

வியாழன் விடிந்ததும் அவர் புல்திட்டில் கயிறுகளை அவிழ்த்தார். கண்ணகை சோற்றுப் பொதியோடு வந்தாள்.

"எங்க சாய்க்கிறீங்க?"

"மேற்கால."

"விசரா உங்களுக்கு? போன வருசம் காணாதா?"

"லொறி அங்க வராது. போன வருசம் முறைப்பாடு குடுத்து நாலு தரம் கூப்பிட்டன். ஒரு உத்தியோகத்தன் அந்தப் பக்கம் வரல்ல. இந்த முறையும் வரமாட்டானுகள்."

அவள் பொதியை நீட்டிய கையை எடுக்கவில்லை. "சோளக்காரனுகள் வருவானுகளே, துவக்கோட."

"அவனுகளுக்குத் தகடு தேவல்ல."

கண்ணகைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றரை நாள் நடை. வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் கம்பிவேலி தெரிந்தது. அப்போது நிருஷாவின் அழைப்பு வந்தது. இரைச்சலுக்குள் அவள் குரல் உற்சாகமாக இருந்தது.

"ஐயா, மனு நிக்கும்! நீங்க சொன்னத அந்த அம்மா அப்படியே அறிக்கையில போடுறாவாம். மார்ச்சில வெளிவரும்."

"நல்லது புள்ள."

"எங்க நிக்கிறீங்க?"

"பண்பாட்டுக்குள்ளதான்," என்றுவிட்டு அவர் தொலைபேசியை மடியில் செருகினார்.

வேலி ஓரிடத்தில் யானை மிதித்துச் சரிந்து கிடந்தது. அதற்கப்பால் பழைய மாட்டுப்பாதை சோளத்துக்கும் காட்டுக்கும் இடையே உள்ளே போனது. இருபுறமும் பற்றைப் புதர். தூரத்துக் கொட்டிலில் ஒரு ஆள் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். மாடுகள் பச்சையைக் கண்டு ஒன்றையொன்று நெருக்கின.

பட்டிக்காரன் மாட்டுக்குப் பின்னால்தான் நடப்பான். அழகரத்தினம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். கட்டுத்துவக்கின் நூலை மாட்டின் முழங்கால் உயரத்தில்தான் பாதைக்குக் குறுக்கே இழுத்திருப்பார்கள். கம்பை அந்த உயரத்தில் நீட்டி, எதிரே தடவிப் பார்த்து ஒரு அடி வைத்தார். மறுபடி தடவி, இன்னொரு அடி. முன்மாட்டின் மூச்சு அவர் முதுகில் சுட்டது. பின்னாலிருந்து மற்ற மாடுகள் தள்ளிக்கொண்டே வந்தன.