எக்ஸ்பயர்டு என்ற சொல்லுக்குப் பதில்

ஹடப்சரில் மருத்துவமனைகளுக்கு மானிட்டர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், 2004-இல், கோயம்புத்தூர்க்காரி வனஜா கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் வரும் ஆங்கில வாசகங்களும் அவள் பொறுப்புதான். அவற்றில் ஒன்றைப் பற்றி ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது.

கோர்படியைச் சேர்ந்த வால்டர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருந்தபோது அவருடைய மானிட்டரில் 'வால்டர்: செஷன் எக்ஸ்பயர்டு' என்று வந்தது. உள்ளே நுழைந்த மகள் ஆஷாவின் கண்ணில் பெயரும் கடைசிச் சொல்லும்தான் பட்டன. கீழே நாடித்துடிப்பு ஓடிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. வெளியே ஓடி, பெங்களூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போன் செய்து அழுதாள். விஷயம் தெரிந்து திரும்பக் கூப்பிடுவதற்குள் அவன் கிளம்பிவிட்டான். அவன் வந்து சேர்ந்தபோது அப்பா சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"உலகம் முழுக்க இதே வார்த்தைதான்," என்றான் சாஃப்ட்வேர் எழுதும் ஹரிபிரசாத். "எதுக்கு மாத்தணும்?"

"செத்துப்போனா நம்ம ஊர்ல எல்லாரும் எக்ஸ்பயர்டுன்னுதானே சொல்றாங்க?" என்றாள் வனஜா.

வேறு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொன்னான் அவன்.

டெர்மினேட்டட், க்ளோஸ்டு என்று வனஜா எழுதிப் பார்த்தாள். நோயாளியின் பெயருக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் ஆள் போய்விட்ட மாதிரிதான் இருந்தது. கடைசியில் ஆஷாவுக்கே போன் செய்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள்.

"'டைம்டு அவுட்'னு போட்டாப் பரவாயில்லைங்களா?"

"நேரம் முடிஞ்சிடுச்சுன்னு ஆகுதே மேடம்."

"'எண்டட்'?"

சொன்னதுமே ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது வனஜாவுக்கு.

"அன்னைக்கு அந்த மெஷினுக்கு என்னதான் ஆச்சு?" என்றாள் ஆஷா.

"ஒண்ணும் ஆகலைங்க. கொஞ்ச நேரம் யாரும் தொடலைன்னா பூட்டிக்கும். நர்ஸ் மறுபடி பாஸ்வேர்ட் போடணும். அவ்வளவுதான்."

"இதைக் கேட்டா எனக்குப் பயமா இல்லையே."

போனை வைத்ததும் வனஜா, 'ஸ்க்ரீன் லாக்டு. என்டர் பாஸ்வேர்ட்' என்று எழுதினாள். அந்த வரியிலிருந்து நோயாளியின் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். எழுத்து கூடுகிறதே என்று ஹரிபிரசாத் முனகினான், ஆனால் மாற்றிக்கொடுத்தான்.

புது வெர்ஷன் எல்லா மருத்துவமனைகளுக்கும் போய்ச்சேர அந்த வருஷம் முழுக்க ஆயிற்று. கையேட்டில் வாரண்டி பற்றிய பக்கத்தில் 'எக்ஸ்பயர்டு' இன்னும் இருந்தது. வனஜா ஒருமுறை படித்துப் பார்த்தாள். அங்கே முடிந்துபோவது வாரண்டிதானே என்று அப்படியே விட்டுவிட்டாள்.