நூற்றிரண்டு டிகிரி மரம்

மலைக்கிராமமான வெள்ளக்கடையில் ஹலீமாவின் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஓக் மரத்துக்கு ஆவணி மாதம் காய்ச்சல் வந்தது. நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ஹசீனா பட்டைப் பிளவில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தாள்; நூற்றிரண்டு. சில்வர் ஓக் அல்ல, யாரோ ஒரு துரை எப்போதோ நட்ட நிஜ ஓக். கிளையெங்கும் கோலிக்குண்டு அளவில் உருண்டைகள் புடைத்திருந்தன. ஹலீமாவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது: கைக்குழந்தைகளுக்கு உரசிக் கொடுக்கச் சொல்லித் தன் நாட்டு மருந்துக் கடையில் முப்பது வருஷமாக விற்கிற மாசிக்காய். ஒன்றை உடைத்தாள். உள்ளே அரிசி அளவில் ஒரு புழு சுருண்டு தூங்கியது. குளவி முட்டையிட்ட இடத்தில் மரமே சுவர் எழுப்பி, சோறும் வைத்து, குளிர் படாமலிருக்கத் தன் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. உடைத்தது அன்று முழுக்க அவளை உறுத்தியது.

மூடுபனியில் துணி காயாத தெரு, ஈரத்துணிகளை அடிமரத்தில் சுற்றியது. பக்கத்து வீட்டுப் புஷ்பலதா தோசைமாவு புளிப்பதற்குப் பாத்திரத்தை வேரோரம் வைத்துவிட்டுப் போனாள். ஹலீமா எதையும் கொண்டுபோகவில்லை. கணவர் மௌத்தாகி அடக்கமான இரண்டு வருஷமாக அவள் முதுகில் ஒரு குளிர் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானே ஒப்புக்கொண்டதுமில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் மரத்தில் சாய்ந்து உட்காருவாள். குளிர் விலகும்.

மரம் காப்பி எஸ்டேட்டுக்குச் சொந்தம். உச்சிக்கிளை ஒன்று பட்டுப்போனதும் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் செபாஸ்டின் ரம்பத்தோடு வந்தார்.

"பூச்சி புடிச்ச மரமுங்க்கா. உட்டா காப்பிக்கு நெழல் தர்ற மரத்துக்கெல்லாம் ஏறிக்கும்."

"ஏனுங்க ரைட்டரே, போன மாசம் நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்களே, உங்க ஊட்ல ரம்பத்தையா எடுத்தாங்க?" என்றாள் ஹலீமா.

"எடுத்திருந்தா நமக்கு நொம்ப நிம்மதிங்க்கா," என்றாள் புஷ்பலதா.

செபாஸ்டின் சிரிக்கவில்லை. "பட்ட கெளைய மட்டும் எடுக்கறேன். தை முடிய பாக்கலாம். தழையலீனா வெட்டிருவனுங்க."

மார்கழியில் உருண்டைகளில் ஊசித்துளைகள் விழுந்தன. குளவிகள் ஒரே காலையில் பறந்துபோயின. காய்ச்சல் இறங்கியது, இலைகள் உதிர்ந்தன, துணிகளும் மாவுப் பாத்திரமும் வீடு திரும்பின. தை முழுக்க மரம் மொட்டையாக, சில்லென்று நின்றது. ஹலீமா மட்டும் தினமும் போய்ச் சாய்ந்தாள். இத்தனை நாள் வாங்கிய சூடு தன் முதுகில் மிச்சமிருப்பதை உணர்ந்தாள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

தையின் கடைசி நாள் ஆட்களுடன் வந்த செபாஸ்டின், அடிமரத்தில் அவள் முதுகு படும் இடத்தில் தளிர் விட்டிருப்பதைக் கண்டார். குனிந்து எண்ணினார், ஏழு இலைகள். ஆட்களை மிளகு பறிக்க அனுப்பினார். ஹலீமா இப்போது தளிருக்கு இடம் விட்டு, ஒரு சாண் தள்ளிச் சாய்ந்துகொள்கிறாள்.