கச்சானின் துக்கம்

கலா மூன்றாவது கரண்டிப் பாலை நாயின் வாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தபோது சுஜீவா ஈரத் தலையோடு குசினி வாசலுக்கு வந்தாள். பால் உள்ளே போகவில்லை. கடைவாயால் வழிந்து தரையில் சொட்டியது.

"குடியடா கச்சான், குடி ராசா. அண்ணையிட்டப் போறதெண்டாலும் வெறும் வயித்தோட போகாதை."

கலா, சுஜீவாவின் இறந்துபோன புருசன் அருந்தவனின் தங்கை. மெல்பேர்னிலிருந்து முதல் நாள்தான் வந்திறங்கியிருந்தாள். வந்த நேரம் தொட்டு அவளுடைய அழுகையில் பாதி தமையனுக்கும் பாதி இந்த நாய்க்குமாகப் போய்க்கொண்டிருந்தது. மெரிலேண்ட்ஸ் வீடு முழுக்கச் சனம். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

அருந்தவன் போனது சனிக்கிழமை, இன்று வியாழன். முதல் இரண்டு நாளும் கச்சான் கேற்றடிக்கும் பின்கதவுக்குமாக ஓடித் திரிந்தது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போனது. நேற்றுப் பின்னங்கால் இரண்டும் பின்னின. இன்று காலை எழும்பவே இல்லை. எசமானின் துக்கம் தாங்காமல் வடக்கிருந்து உயிரை விடப்போகிறது என்று லண்டன் வரைக்கும் செய்தி போய்விட்டது. பெத்த பிள்ளையே இப்பிடி அழாது என்று யாரோ சொல்ல, மகள் ராகவி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சுஜீவாவும் அதைத்தான் நம்பினாள். அவளுக்குச் சனிக்கிழமையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தன் பங்குக்கு அந்த நாய் படுத்துக் கிடக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதல்கூட இருந்தது. அதை வெளியில் சொல்லவா முடியும்?

வாசல் மணி அடித்தது. கச்சான் தலையைத் தூக்கிக் குரைக்கப் பார்த்தது. தெருமுனைவரை கேட்கிற அதன் குரல் வரவில்லை. தொண்டை கட்டிய கிழவரின் செருமல் மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

சுஜீவாவின் கையிலிருந்த துவாய் விழுந்தது.

இந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ஐயோ, எத்தனை தரம்! சனிக்கிழமைதோறும் அருந்தவன் நாயோடு பெரௌரா பக்கத்துக் காட்டுக்குப் போவார். வீட்டுக்கு வந்த விருந்தாளி தேத்தண்ணியை முடிக்கிறதுக்குள் அந்தக் காட்டின் உண்ணிகளைப் பற்றி ஒரு பிரசங்கம் கட்டாயம் நடக்கும். "நெட்டில லைம் நோய் எண்டு வாசிச்சிட்டுப் பயப்பிடுகினம். அது அமெரிக்காக் கதை. இஞ்ச எங்கட கரையோரம் கிடக்கிறது பரலிசிஸ் டிக். கடிச்சு மூண்டு நாலு நாளைக்கு ஒண்டும் தெரியாது. பிறகு பின்னங்கால் போகும், குரல் மாறும், விழுங்கேலாது. கடைசியா மூச்சு." சுஜீவாவுக்கு அவர் எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூடப் பாடம். ஓமோம், தேத்தண்ணி ஆறுது என்பதுதான் அவளுடைய வழக்கமான பதில்.

"கலா, கரண்டியை எடு!"

"கடைசிப் பால் மச்சாள். வாயில்லாச் சீவன்..."

சுஜீவா கரண்டியைத் தட்டிவிட்டாள். அது குளிர்ப்பெட்டியில் பட்டு உருண்டது. "இதுக்கு விழுங்கேலாது! பால் நெஞ்சுக்குள்ள போய்ச் செத்திடும். இது துக்கமில்லை கலா. உண்ணி! இதை உண்ணி கடிச்சுப்போட்டுது!"

பின்னால் யாரோ மெதுவாக, "பாவம், தாங்கேலாமல் என்னவோ கதைக்கிறா," என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து அருந்தவனின் தமையன் ஆனந்தராஜா உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டும் கையில் ஒரு ஃபைலுமாக, நாலு நாளாகச் செத்தவீட்டை நடத்துகிறவர் அவர்தான். "பத்தாகுது. பதினொண்டுக்கு மண்டபத்தில கிரியை. தகனம் ஒண்டு நாப்பதுக்கு. விட்டால் அடுத்த ஆக்களை எடுத்திடுவாங்கள். சுஜீவா, நீர் இன்னும் வெளிக்கிடேல்லையோ? குளிச்சிட்டு நாயைத் தொடாதையும்."

சுஜீவா நாயைத் தொட்டதே இல்லை. நான் சோறு போடுவன், தொட மாட்டன் என்பது அது குட்டியாக வந்த நாளில் புருசனோடு செய்த ஒப்பந்தம். ஐந்து வருசமாக விளக்குமாற்றின் பிடியால்தான் அதைத் தள்ளி வழி எடுப்பாள்.

இப்போது வெள்ளைச் சேலையை முழங்காலுக்குக் கீழ் மடித்துக்கொண்டு பால் சிந்திய தரையில் இருந்தாள். எங்கே தொடங்குவது? மூக்கிலிருந்து வால்வரை மயிர். அதற்குள் ஒரு பயறளவு உண்ணி.

அப்போதுதான் அவளுக்கு அது விளங்கியது.

சனிக்கிழமை பின்னேரம் அவர் காட்டால் வந்து பின்படியில் இருந்தார். சுஜீவா தேத்தண்ணியோடு வெளியே வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். மூச்சில்லை. வலக்கை நாயின் இடது காதுக்குக் கீழே இருந்தது. கடைசி நேரத்திலும் நாயைத் தடவினபடி போனார் என்று கலா நேற்று வந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி அழுகிறாள். அவர் தடவவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தார்! காட்டால் வந்தால் சப்பாத்தைக் கழற்றுமுன் அந்தப் படியில் இருந்து இருபது நிமிசம் தேடுவார். எப்போதும் ஒரே ஒழுங்கு. மூக்கு, சொண்டு, வலது காது, இடது காது, பிறகு கழுத்து, கமக்கட்டு, வயிறு, கால்விரலிடுக்கு, வாலடி. குசினி யன்னலால் எத்தனை நூறு தரம் பார்த்திருப்பாள்.

இடது காதுவரை அவர் பார்த்திருக்கிறார்.

சுஜீவா இடது காதின் கீழ் விரலை வைத்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மயிரை எதிர்ப்பக்கமாகக் கோதி, விரல் நுனியால் தோலைத் தடவித் தடவிப் போனாள். கழுத்துப் பட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை. தொண்டையில் ஒன்றுமில்லை. நெஞ்சுக்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது.

"இருக்கு!"

"எங்க, எங்க?" ஒரு சாவீடே குனிந்தது. யாரோ கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார்கள்.

"சீ, இது முலைக்காம்பு." அதையும் அவர் சொல்லித்தான் இருக்கிறார். புது ஆக்கள் முதலில் அதைத்தான் பிடித்து இழுப்பார்களாம். சுஜீவாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. நாயின் நெஞ்சு மேலேறி, நின்று, பிறகுதான் இறங்கியது. இடது முன்னங்காலைத் தூக்கிக் கமக்கட்டுக்குள் விரலை விட்டாள். மடிப்புக்குள், மிக உள்ளே, கெட்டியாக ஒன்று. சாம்பல் நிறம். பட்டாணி அளவுக்கு ஊதிப்போய் இருந்தது.

"இந்தா! இந்தா கிடக்கு!" அவள் போட்ட சத்தத்தில் அறைக்குள்ளிருந்து ராகவி ஓடி வந்தாள்.

"மண்ணெண்ணெய் பூசுங்கோ."

"நெருப்புக்குச்சியைக் காட்டினா தானா விழும்."

"மஞ்சள் வைக்கலாமே?"

"ஒருத்தரும் ஒண்டும் பூசக்கூடாது! நசிச்சா நஞ்சு உள்ள போகும். ராகவி, அப்பான்ர மேசை லாச்சியில பச்சைக் கொளுவி ஒண்டு கிடக்கு, கெதியா!"

ராகவி கொண்டு வந்தாள். பச்சை பிளாஸ்டிக்கில், நுனி பிளந்த சின்னக் கொளுவி. சுஜீவா அதைத் தோலோடு படச் செருகி, உண்ணியைக் கவ்வ வைத்து, மெல்லத் திருப்பினாள். வராது போலிருந்தது. இன்னொரு சுற்று. தலையோடு கழன்று வந்தது. கடுதாசியில் வைத்தபோது எட்டுக் காலும் அசைந்தன. கலா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த இத்தனூண்டு பிராணியா, இரண்டு நாளாக எல்லாரையும் அழ வைத்தது?

"அம்மா, நாய் டொக்டருக்குக் கோல் பண்ணிட்டன். ரைட் நவ் கொண்டு வரட்டாம். தண்ணிகூடக் குடுக்க வேண்டாமாம்."

ஆனந்தராஜா வாசலை மறித்து நின்றார். "பெடியள் ஆரும் கொண்டு போகட்டும். நீர் இல்லாமல் கிரியை தொடங்கேலாது. ஊர் என்ன சொல்லும்? புருசனைப் பெட்டியில வைச்சிட்டு நாய்க்குப் பின்னால போறா எண்டெல்லோ சொல்லும்!"

சுஜீவா எழுந்தாள். இந்த மனிதரை அவள் முப்பது வருசமாக எதிர்த்துக் கதைத்ததில்லை.

"அவருக்கு இனி ஒண்டும் நடக்காது அத்தான். இதுக்கு நடக்கும். விலகுங்கோ."

ஆனந்தராஜா அவளைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு ஃபைலைக் கதிரையில் எறிந்துவிட்டு, "அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், ஒரு போர்வையை எடுங்கோவன்!" என்று கத்தினார். பின்பக்கத்தைத் தானே தூக்கினார். கோட்டு முழுக்கப் பால்.

வெளியே வந்தால் ராகவியின் காரை மறித்துக்கொண்டு ஏழு கார். "ஆரின்ர இந்த வெள்ளைக் காம்ரி?" என்று கேட்க மூன்று பேர் ஓடி வந்தார்கள். மூன்றும் வெள்ளைக் காம்ரிதான். ஒருவர் பின்னுக்கு எடுக்க மற்றவர் முன்னுக்கு எடுக்க, மூன்றாமவர் திறப்பைத் தேடித் தன் சேட்டு, காற்சட்டை எல்லாம் தடவ, ஆனந்தராஜா நடுவீதியில் நின்று இரண்டு கையாலும் வழி காட்டினார். எதிர்வீட்டு லெபனான்காரர் பிரேத வண்டிதான் வருகிறதாக்கும் என்று தொப்பியைக் கழற்றிவிட்டார்.

காரின் பின்சீற்றில் நாயின் தலை சுஜீவாவின் மடியில் கிடந்தது. அவள் மூச்சை எண்ணினாள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நீளமான இடைவெளி. சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"டேய் கச்சான். மூச்சை எடடா. நீயும் போனியெண்டா சனிக்கிழமையில நான் ஆரையடா பேசுறது? மண் காலோட உள்ள வராதை, வராதை எண்டு ஆரைத் துரத்துறது?"

சொல்லி முடிக்கும்போது கண்ணாடியில் ராகவி தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அதன் பிறகுதான் தன் முகம் முழுக்க நனைந்திருப்பதும் தெரிந்தது. நாலு நாள் அடைபட்டது எல்லாம் ஒரு நாயின் நெற்றியில் விழுந்தது.

"அம்மா, இற்ஸ் ஓகே. கிட்ட வந்திட்டம்."

மிருக வைத்தியர் இளம் பெண். வாசலிலேயே வாங்கிக்கொண்டு போய் ஒட்சிசன் பிடித்தார்கள். தடுப்பு மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார். மூன்று மாதத்துக்கொரு மாத்திரை, சனிக்கிழமைதான் முறை, தேடி முடித்ததும் அருந்தவன் ஆட்டு ஈரலுக்குள் வைத்துக் கொடுப்பார். செத்தவீடு என்று வீட்டில் மச்சம் மாமிசம் காய்ச்சவில்லை. ஈரலை யாரும் எடுக்கவில்லை, மாத்திரையையும் யாரும் நினைக்கவில்லை. இவ்வளவையும் எந்த ஆங்கிலத்தில் சொல்வது? "என் கணவர் தேடிக்கொண்டிருந்தார், முடிக்கவில்லை," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார். நஞ்சு முறிப்பு ஊசி இப்போதே போடுகிறோம், இன்னும் உண்ணி இருக்கலாம், தேட வேண்டும், இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கொண்டு வந்தும் பயனில்லை, இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

மண்டபத்துக்கு வந்தபோது பதினொன்று இருபத்தைந்து. ஆனந்தராஜா ஐயரோடு ஏதோ பேசிக் கும்பத்தை இரண்டு தரம் மாற்றி வைக்கச் சொல்லி நேரத்தை இழுத்திருந்தார். மணி அடிக்க, தேவாரம் பாட, சுண்ணம் இடிக்க, எல்லாம் நடந்தது. சுஜீவாவின் சேலையெல்லாம் பழுப்பு மயிர். வாய்க்கரிசி போட அவள் முறை வந்தது. அரிசியைப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் குனிந்தாள். மற்றவர்கள் கதறப் போகிறாள் என்று பிடிக்க வந்தார்கள்.

"இடது கமக்கட்டில இருந்தது," என்றாள் அவர் காதோடு. "எடுத்திட்டன்."

ஒன்று நாற்பதுக்குச் சரியாகத் தகனசாலையில் பெட்டி உள்ளே போனது. திரை மூடியது. சனம் வெளியே வந்து வெயிலில் கூட்டங்கூட்டமாக நின்றபோது ராகவியின் கைபேசி சிணுங்கியது. அவள் பார்த்தாள். கையால் வாயைப் பொத்தினாள். பிறகு தாயிடம் நீட்டினாள்.

கச்சான் படுத்திருந்தது. காலில் ஊசிக்குழாய். கண் திறந்து நேராகப் பார்த்தது. உடம்பில் ஒரு மயிர் இல்லை. தலையிலிருந்து வால்வரை வழித்து எடுத்திருந்தார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, அங்கங்கே கறுப்புப் புள்ளியாக ஒரு தோல். மூச்சு சீராகிறது, வாலடியில் இன்னொன்று இருந்தது, எடுத்துவிட்டோம் என்று கீழே எழுதியிருந்தது.

கலா எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மச்சாள்! மொட்டை போட்டிட்டுது! அண்ணைக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லையெண்டு இது மொட்டை போட்டிட்டுது!"

உண்ணி தேடத்தான் வழித்தார்கள் என்று சொல்ல சுஜீவா வாயெடுத்தாள். ஆனால் சிரிப்புத்தான் வந்தது. சுடலையில், புருசனை உள்ளே அனுப்பிவிட்டு, எல்லாரும் பார்க்கச் சிரித்தாள். அடக்கப் பார்க்க இன்னும் வந்தது. ராகவியும் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஓம் கலா," என்றாள் சுஜீவா மூச்சு வாங்க. "போட்டிட்டுது."

கைபேசி கலாவிடம் போனது. அவளிடமிருந்து பக்கத்திலிருந்தவளுக்கு, அங்கிருந்து காம்ரிக்காரர்களுக்கு, ஆனந்தராஜாவுக்கு. அவர் வெகு நேரம் பிடித்திருந்தார். கடைசியில் அது ஐயரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"குளிருமே பாவம்," என்றார். "போர்வை ஒண்டு கொண்டு போய்க் குடுங்கோ."