ஒன்பதாம் எண் முட்டை

காதோரம் மஞ்சள் குஞ்சம் தொங்கும் பென்குவினை, நடுக்கடலில் தனித்துக் கிடக்கும் டிரிஸ்டன் தீவில் பின்னமின் என்பார்கள். அது இரண்டு முட்டை இடும். முதல் முட்டை சிறியது. சில நாள் கழித்து இடுவது பெரியது. பெரியது வந்துவிட்டால் சிறியது பெரும்பாலும் கூட்டைவிட்டு உருண்டுபோகும். தாய் அதைத் திரும்பிப் பார்க்காது. தீவுக்காரர்கள் அப்படிப்பட்ட முட்டைகளை எடுத்துவந்து கழுவி, வறுத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

அந்தச் சிறிய முட்டைகளைத்தான் ஐரோப்பாவிலிருந்து ஓர் உயிரியல் பூங்கா கேட்டிருந்தது. பறவை குறைந்துகொண்டே வருகிறது, வீணாய்ப் போகும் முட்டைகளைக் குஞ்சு பொரித்துக் கொடுத்தால் நாங்கள் வளர்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தீவு மீனவன் கிளெமென்ட்டின் மனைவி மேவிஸ் சரி என்று பதில் போட்டாள். இருவரும் படகில் நைட்டிங்கேல் தீவுக்குப் போய்ப் பன்னிரண்டு முட்டை கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் எண் போட்டாள். ஒன்பதுக்கு மட்டும் வாலைச் சுருட்டி எழுதுவாள். அடைகாக்கும் சூட்டுப்பெட்டி சமையலறை மூலையில் இருந்தது. அதில் முட்டைகளைத் தினமும் புரட்டிவிட வேண்டும்.

பெட்டியில் வைத்த பதினோராம் நாள், மேவிஸ் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மதியம் இறந்துபோனாள். பெரிய மருத்துவமனைக்குக் கப்பலில் ஒரு வாரம் ஆகும்.

மறுநாள் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன், கிளெமென்ட் உள்ளே போய் முட்டைகளைப் புரட்டி வைத்துவிட்டு வந்தான்.

அதன் பிறகு அவனுக்கு அந்த வேலை மட்டும்தான் இருந்தது. படகில் கூட மீன்பிடிக்கும் ரூபர்ட் கேலி செய்தான்.

"அடைக்கோழி இன்னிக்கு இறங்கி வந்துடுச்சுடா."

கிளெமென்ட்டும் சிரித்து வைத்தான். முட்டைகள் ஒவ்வொன்றாகக் கெட்டன. விளக்கில் பிடித்துப் பார்த்தால் உள்ளே கலங்கலாக இருக்கும். கெட்டதை வெளியே புதைத்தான். அப்போது அவள் போட்ட எண்கள் போவது பெரிதாகத் தெரியவில்லை. ஒன்பது மட்டும் மிஞ்சியபோது, பூங்காவிலிருந்து குஞ்சை வாங்க வரவிருந்த ஹெல்முட்டுக்கு மின்னஞ்சல் எழுதினான். குஞ்சு உங்களுக்கு, ஓடு எனக்கு. காரணம் எழுதவில்லை. அவர் சம்மதித்தார். வீட்டில் அவள் கையெழுத்து வேறு பலவற்றிலும் இருந்தது, கடிதங்களில், மாவு டப்பாக்களில். ஆனால் அவள் கடைசியாகத் தொடங்கிய காரியம் இது.

முப்பதாம் நாள் காலையில், இன்று மீன்பிடிக்கப் போகலாம் என்று அறிவிக்க, தொங்கும் இரும்பு உருளையைத் தட்டினார்கள். கடல் அமைதி. எல்லாரும் சிங்கி இறாலுக்குப் போனார்கள், அவனும் போனான். ஹெல்முட் வரும் கப்பல் இரண்டு நாளில் வந்துவிடும்.

மாலை திரும்பியபோது மேவிஸின் அம்மா ஹில்டா வீட்டைத் துடைத்து, உருளைக்கிழங்கு வேகவைத்து வைத்திருந்தாள். பெட்டிக்குள் முட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"வெளியூர்க்காரர் வர்றாருல்ல மாப்ளே, அதான் கழுவி வெச்சேன். பயப்படாதீங்க, வெதுவெதுப்பான தண்ணிலதான்."

அவன் முட்டையை எடுத்து அடியைப் பார்த்தான்.

"அடியில ஏதோ கிறுக்கல் இருந்துச்சு. லேசுல போகல. உப்பு வெச்சுத் தேய்ச்சேன்" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "அவ எடுத்த வேலை. அழுக்கா அனுப்பினா அவளத்தான பேசுவாங்க."

அவள் விரல்நுனிகள் சிவந்திருந்தன. மகள் போனபிறகு அவள் இவ்வளவு பேசியது இன்றுதான்.

"நல்லா பளிச்சுன்னு இருக்கு அத்தை" என்றான்.

ஹில்டா கிளம்பிய பிறகு முட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பென்சில் அழுத்திய தடம்கூட இல்லை. உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மேவிஸ் எண் போட்ட அதே பென்சிலை எடுத்து ஒன்பது என்று எழுதினான். வால் சுருளவில்லை. எச்சில் தொட்டு அழித்தான்.

கப்பல் வந்த அன்று குஞ்சு பொரிந்தது. ஹெல்முட் அதைக் கையில் ஏந்தி, செயற்கைப் பகலிரவு வைத்து எப்படி வளர்ப்பார்கள், எங்கள் இடத்தில் முப்பது வயதுவரைகூட இருக்கும் என்றெல்லாம் சொன்னார். கிளெமென்ட் தலையாட்டினான். பிறகு அவர் பஞ்சில் பொதிந்த முட்டையோட்டை நீட்டினார்.

"நீங்க கேட்டிருந்தீங்களே."

பக்கத்தில் நின்ற ஹில்டா எட்டிப் பார்த்தாள்.

"முட்டையோட்ட எதுக்கு மாப்ளே கேட்டீங்க? கோழிக்கா?"

"ஆமா அத்தை."

"குடுங்க, நான் நொறுக்கிப் போட்டுர்றேன்."

அவன் கொடுத்தான்.