பதினோரு விநாடி வானம்

ஆட்டம் முடிந்து நாற்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் நேரலைப் பதிவை ஒன்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். முக்கியமான இடத்தில் எல்லோரும் பார்த்தது வானத்தைத்தான்.

எங்கள் ஊர் நாக்வேராவுக்கும் பக்கத்து ஊர் கில்டார்க்குக்கும் ஹர்லிங் என்ற மட்டைப் பந்தாட்டத்தின் இறுதி ஆட்டம். கடைசி நிமிடம், சமநிலை. என் தம்பி கிலியன் மட்டையை வீசினான். பந்து கோல் கம்பத்தின் உச்சியையும் தாண்டி உயரத்தில் போனது. எங்கள் மைதானத்துக் கம்பங்கள் குட்டை. இரண்டுக்கும் நடுவே போனால் ஒரு புள்ளி, கோப்பை. வெளியே போனால் கூடுதல் நேரம். அந்த நொடியில் எங்கள் வர்ணனையாளர் ஃபின்டன் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். நடுநிலையாகப் பேசவேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் மூன்று முறை சத்தியம் செய்தவர். கறிக்கடைக்காரர், நூற்றுப்பத்து கிலோ. நாங்கள் இருந்தது ஒரு லாரியின் பின்தளத்தில். தளம் ஆடியது, கேமரா மல்லாந்தது. நான் அதை நிமிர்த்த பதினோரு விநாடி ஆனது. அதற்குள் கம்பத்தடியில் கொடிக்காரர் வெள்ளைக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார். புள்ளி.

"பந்து எங்கே?" என்று பாஸ்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் செய்திகள் வந்து குவிந்தன. டொராண்டோவில் இருக்கும் கில்டார்க்காரர் ஒருவர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தால் காகம்.

வேறு பதிவு இருக்கிறதா என்று என்னிடம் எல்லோரும் கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மை. ஆனால் கேமரா சாய்ந்தபோது என் கண் சாயவில்லை. பந்து போனதை நான் பார்த்தேன். நீ என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. மேலும், கோப்பை எங்கள் அடுப்படியில் இருந்தது. நடுவர் எழுதிக்கொடுத்துவிட்டால் முடிவு மாறாது.

ஆனாலும் நான் பார்த்தது சரிதானா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கமாக லாரியை நடுக்கோட்டருகே நிறுத்துவோம். அங்கே சேறு என்பதால் அன்று கோலுக்குப் பின்னால், வலது கம்பத்துக்கு நேரே நிறுத்தியிருந்தோம். நேரே என்றால் எவ்வளவு நேர்? ஒரு மீட்டர் விலகியிருந்தாலும் கண் ஏமாற்றிவிடும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

வலது கம்பத்தடியில் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். அன்று வெள்ளைக் கொடியை ஆட்டியவர்தான், பெயர் மொஸ்ஸி. எட்டு மைல் தள்ளி இருப்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நடுவருக்கு மச்சான். நடுவர்கள் எப்போதும் தங்கள் கொடிக்காரர்களைத் தங்கள் காரிலேயே ஏற்றிவருவார்கள். மச்சான், அண்டை வீட்டுக்காரர், யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள்.

"கேமராப் பொண்ணுதானே நீ?" என்றார். "வானம் ரொம்ப நல்லா வந்திருந்துச்சும்மா. என் சம்சாரம் ரெண்டு தரம் பார்த்தா."

எனக்கு முகம் சூடேறியது.

"கையில என்ன, டேப்பா? கோப்பையோட விடுவீங்கன்னு பார்த்தா, கம்பத்தையும் பேத்துக்கிட்டுப் போகப்போறீங்களா?"

"லாரி நின்ன இடத்தை அளக்கணும்."

"எதுக்கு?"

"சும்மா. தெரிஞ்சுக்க."

"அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே வேலையாத்தான் வந்திருக்கோம்," என்று டேப்பின் முனையை வாங்கிக் கம்பத்தின் அடியில் அழுத்திப் பிடித்தார்.

எல்லைக்கோட்டில் மூன்று, பின்பக்கம் நான்கு, குறுக்கே ஐந்து மீட்டர் என்று முக்கோணம் போட்டு, கம்பத்திலிருந்து நேர்கோடு பிடித்தேன். லாரிச் சக்கரத்தின் தடம் புல்லில் ஆழமாக இருந்தது. நான் குனிந்து அளக்க அளக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"நேத்துலேர்ந்து எங்க வீட்டுத் தபால் பெட்டியில மூக்குக்கண்ணாடியாப் போட்டுட்டுப் போறானுங்க. மூணு வந்தாச்சு. கில்டார்க்காரனுங்க குசும்பு. ஆனா ஒண்ணு சொல்றேன், அதுல ஒண்ணு எனக்கு நல்லாப் பொருந்துது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சூரியன் கண்ணுல பட்டுச்சும்மா. பந்து போச்சு, எப்படிப் போச்சுன்னு தெரியல. அந்தக் கம்பத்துல நின்ன இன்னொரு கொடிக்காரனைப் பார்த்தேன். நீ பார்த்தியான்னு கேக்கறாப்புல தலையை அசைச்சேன். அவன் நான் ஆமான்னு சொல்றேன்னு நினைச்சு, அவனும் தலையை ஆட்டினான். அவன் ஆட்டினதும் சரின்னு நான் கொடியை எடுத்துட்டேன். திரும்பிப் போறப்போ கார்ல பேசிப் பார்த்தா, ரெண்டு பேருமே பந்தைப் பார்க்கலை."

"நடுவர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். விடு மச்சான்னுட்டார். அடுத்த ஞாயித்துக்கிழமை மாவட்ட இறுதி ஆட்டம் அவருக்குக் கிடைச்சிருக்கு. இத்தனை வருஷத்துல முதல் தடவை. மத்தியானம் பன்னெண்டுக்குள்ள வர்றியா இல்லையான்னு சொல்லணும். பத்தொன்பது வருஷமா அவர் கூட நிக்கறேன். குருட்டாம்போக்குல ஆட்டினது சரியா இருந்தாப் போறேன், அதிர்ஷ்டம்னு எடுத்துக்கறேன். தப்புன்னா கொடிக்காரன் போடற வெள்ளைக் கோட்டைக் கழட்டிக் குடுத்துடுவேன். அவருக்கு அங்க ஒரு நல்ல கண்ணு வேணும்."

"யாருக்கும் தெரியாதே," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதான் தொல்லை. டொராண்டோல ஒருத்தன் காக்காயை வெச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்றான். எனக்கு அது கூட இல்லை."

கேமராவின் முக்காலி நின்ற இடம் கம்பத்தின் நேர்கோட்டிலிருந்து முப்பது சென்டிமீட்டர்தான் விலகியிருந்தது. உள்ளங்கையில் பேனாவால் கணக்குப் போட்டேன். கண் ஏமாந்திருந்தாலும் நான்கு விரற்கடைக்கு மேல் ஏமாந்திருக்க முடியாது. மறுபடியும் போட்டேன். அதே விடை. பேனாவை மூடினேன்.

"வந்துருச்சா உன் கணக்கு?"

"வந்துருச்சு."

அவர் டேப்பின் முனையை விட்டார். அது புல்லில் சரசரவென்று ஓடி என் கையில் சுருண்டது. மணி பதினொன்றரை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கவாம்மா? கேமரா வானத்தைப் பார்த்துச்சு. ஃபின்டன் அவன் கோப்பையைப் பார்த்தான். நான் பக்கத்துல நின்னவனைப் பார்த்தேன். நீ எங்க பார்த்தே?"

தம்பி இந்நேரம் அந்தக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டப் போயிருப்பான்.

"பந்தை," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "உங்க ஊருக்காகவும் சொல்லாதே, எனக்காகவும் சொல்லாதே. எப்படியோ அப்படிச் சொல்லு."

"வெளியேதான் போச்சு," என்றேன். "கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே."